முதல் லாரி வருவதற்கு முன்

தமிழ்நாட்டில் சிவில் முடித்துவிட்டுப் பெரிய கட்டுமான வேலைகளில் சேரும் பிள்ளைகளில் பலருக்கு முதல் சைட் ஊரிலிருந்து மூன்று நாள் ரயில் தூரத்தில் கிடைக்கிறது. அசாமில் பிரம்மபுத்திராவின் வடகரை அப்படிப்பட்ட ஓர் இடம். அருணாச்சல மலைகளிலிருந்து ரங்காநதி, ஜியா பராலி போன்ற கிளையாறுகள் மணலை அள்ளிக்கொண்டு சமவெளியில் இறங்குகின்றன. அவற்றின் குறுக்கே சாலைப் பாலமோ ரயில் பாலமோ கட்டும்போது, கரையை ஒட்டிக் கொட்டகையும் கன்டெய்னர் அறைகளும் எழும்பும். அங்கே வேலை பார்க்கும் இருபத்திரண்டு வயது இன்ஜினியரின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அவர் ஒரு பைல், அதாவது பாலத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண், போடுவதைப் பின்தொடர்ந்தால் போதும்.

சென்னையில் ஒரு போல்ட் குறைந்தால் பையனை அனுப்பி அரை மணி நேரத்தில் வாங்கிவிடலாம். இங்கே சிமென்ட் மேகாலயாவின் ஜெயந்தியா மலைப் பக்கத்து ஆலைகளிலிருந்து வரவேண்டும். கம்பியில் பெரும்பகுதி சிலிகுரி வழியாக வரவேண்டும். வழியில் ஒரு சரிவு மூடினால் லாரி மூன்று நாள் நிற்கும். தளத்தில் இல்லாத பொருள், அன்றைய வேலையைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லாத பொருள்தான். அதனால் இப்படிப்பட்ட இடத்தில் இன்ஜினியரின் வேலையில் முக்கால்வாசி கான்கிரீட்டுக்கு முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை.

காலண்டரும் வேறு. ஏப்ரலிலேயே மழை கண்ணைக் காட்டிவிடும், அக்டோபர் வரை ஆறு கரை தெரியாமல் ஓடும். ஆற்றுக்குள் அடித்தளம் போட நவம்பர் முதல் மார்ச் வரைதான் அவகாசம். அந்த ஐந்து மாதத்தில் பகல் குறைவு. நாடு முழுக்க ஒரே கடிகாரம் என்பதால், டிசம்பரில் வடகிழக்கில் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும் என்று திட்டம் போடுகிறவர் முதல் வாரமே மாட்டிக்கொள்வார். சீசன் தொடங்கும் அதே நேரத்தில்தான் தீபாவளி முடிந்து சட் பூஜை வரும். பீகார்த் தொழிலாளிகள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். யார் எப்போது திரும்புவார் என்று செப்டம்பரிலேயே கேட்டு எழுதி வைக்காத தளத்தில், ஆறு வற்றியிருக்கும், துளையிடும் ரிக் இயந்திரம் நின்றிருக்கும், கம்பி கட்ட ஆள் இருக்காது.

இப்போது பைலுக்கு வருவோம். விட்டம் 1200 மி.மீ., ஆழம் 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குறுக்குப் பரப்பு 1.13 சதுர மீட்டர், கணக்குப்படி கான்கிரீட் 34 கன மீட்டர். மணல் மண்ணில் துளை எப்போதும் கொஞ்சம் பெரிதாகவே விழும் என்பதால் ஐந்திலிருந்து பத்து சதவீதம் கூட்டி 36, 37 என்று பிடிக்க வேண்டும். 6 கன மீட்டர் லாரி என்றால் ஆறு லோடு, கையில் ஏழாவதுக்கும் பொருள் வேண்டும். நீருக்கடியில் குழாய் வழியாக இறக்கும் கான்கிரீட்டுக்கு இந்தியத் தர விதியான ஐ.எஸ். 2911 கன மீட்டருக்கு 400 கிலோ சிமென்ட் குறையக்கூடாது என்கிறது. ஆக ஏழு லோடுக்கு 16.8 டன், மூட்டைக் கணக்கில் 336. கம்பிக்கூடு 25 மி.மீ. கம்பி இருபது, சுற்றுக்கம்பி 10 மி.மீ. என்றால் மூன்று டன் அளவில் வரும்.

முந்தின நாள் சாயங்காலம் பார்க்க வேண்டியவை இந்தக் கணக்கிலிருந்தே கிளம்புகின்றன. சிமென்ட் கொட்டி வைக்கும் சைலோவில் உண்மையில் எத்தனை டன் இருக்கிறது என்பதைப் பதிவேட்டை நம்பாமல் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெனரேட்டரில் டீசல் எவ்வளவு, மாற்று ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகிறதா என்பதை ஓட்டியே பார்க்க வேண்டும், ஆபரேட்டர் வாயால் சொல்வது கணக்கில் வராது. கிரேனின் கம்பிவடத்தில் அறுந்த இழை இருக்கிறதா, கான்கிரீட் இறக்கும் ட்ரெமி குழாய்களின் மரை சுத்தமா, ரப்பர் வாஷர் எல்லாவற்றிலும் இருக்கிறதா, கான்கிரீட்டை இளக்கும் ரசாயனமான அட்மிக்ஸர் டிரம்மின் தேதி என்ன, சோதனைக் கட்டி வார்க்கும் கியூப் அச்சுகளுக்கு எண்ணெய் தடவியாயிற்றா என்றும் பார்க்க வேண்டும். ஆலோசகர் தரப்பு இன்ஜினியருக்கு ஆய்வுக் கோரிக்கைத் தாள் போய்விட்டதா என்பது கடைசி. அந்தத் தாள் போகாவிட்டால் கான்கிரீட் தயாராக இருந்தும் கையெழுத்துக்காக லாரி நிற்கும்.

இந்தப் பட்டியலில் வராத ஒன்றுதான் அதிகம் கெடுக்கிறது: மணலின் ஈரம். ஆற்று மணல் குவியல் திறந்த வெளியில் கிடக்கிறது. இரவில் பனி, சில நாள் தூறல். காலையில் ஆய்வகப் பையன் குவியலின் மேல்தோலை விட்டு, ஒரு முழம் உள்ளே கைவிட்டு 500 கிராம் எடுக்கிறான். மண்ணெண்ணெய் அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து வறுக்கிறான். ஆவி நின்று, மேலே பிடித்த கண்ணாடித் துண்டில் மூடுபனி படியாதபோது இறக்கி, ஆறவிட்டு நிறுத்தால் 476 கிராம். போன தண்ணீர் 24 கிராம், அதாவது காய்ந்த எடையில் ஐந்து சதவீதம். கன மீட்டருக்கு 700 கிலோ மணல் என்றால் அதில் 35 லிட்டர் ஒளிந்திருக்கிறது. மணலே உறிஞ்சி வைத்துக்கொள்வது ஒரு சதவீதம், 7 லிட்டர், அதைக் கழித்தால் 28 லிட்டர் கலவைக்குள் போகிறது. வடிவமைப்பில் தண்ணீர் 160 லிட்டர், சிமென்ட் 400 கிலோ, விகிதம் 0.40. இந்த 28 லிட்டரைக் குறைக்காமல் கலவை பிளான்ட்டை ஓட்டினால் விகிதம் 0.47 ஆகிவிடும். எம்35 என்று பெயர் எழுதிய கான்கிரீட் அந்தத் தரத்தைத் தொடாமல் போக இந்த ஒரு பிழை போதும். சட்டியில் வறுப்பதற்கு ஆகும் நேரம் இருபது நிமிடம்.

துளையிடும் வேலையை இரவு ஷிப்டில் வைத்து, விடியற்காலையில் ஆழம் எட்டும்படி செய்வது நல்ல ஏற்பாடு. அப்போதுதான் கம்பிக்கூடு இறக்கி, அடியைச் சுத்தம் செய்து, கான்கிரீட் முடித்து, இருட்டுவதற்குள் குழாய்களைக் கழுவி வைக்க முடியும். பைல் மையத்தை டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியில் குறித்ததும் நான்கு பக்கமும் ரெஃபரன்ஸ் குச்சி அடித்திருக்க வேண்டும், ஏனெனில் ரிக் ஏறியதும் மையக் குச்சி மண்ணுக்குள் போய்விடும். துளையின் வாயைக் காக்கும் இரும்புக் குழாயான கேஸிங்கை இறக்கியபின் நான்கு குச்சிக்கும் நூல் கட்டிச் சரிபார்த்தால் விலகல் தெரியும். பொதுவாக 75 மி.மீ. வரை ஒப்புக்கொள்வார்கள். துளை போட்டபின் தெரிந்துகொண்டு பயனில்லை.

மணல் மண்ணில் துளைச் சுவரை நிறுத்தி வைப்பது பென்டோனைட் என்ற களிமண் கரைசல். கெட்டித்தன்மை பார்க்கும் மார்ஷ் கூம்பில் ஊற்றினால் தண்ணீர் 26 விநாடியில் வடியும், நல்ல கரைசல் 30 முதல் 60 விநாடிக்குள் வடியும். அடர்த்தி 1.05 அளவில் இருக்க வேண்டும். துளைக்குள் கரைசலின் மட்டம் நிலத்தடி நீர் மட்டத்தைவிட ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் உயரமாகவே நிற்க வேண்டும். அந்த உயர வித்தியாசம்தான் சுவரைத் தள்ளிப் பிடித்திருக்கிறது. ஆற்றோரத்தில் இதுதான் ஆபத்து. மேலே மலையில் மழை பெய்தால் தளத்தில் வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறும், கூடவே நிலத்தடி நீரும் ஏறும், வித்தியாசம் குறையும், சுவர் சரியும். ரிக் ஆபரேட்டர் "மண் குறையவே மாட்டேங்குது" என்று சொல்லும்போது பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: அவர் எடுப்பது புது மண் இல்லை, சரிந்து விழுந்த சுவர். ஆற்று மட்டத்தைக் காட்ட ஓர் அளவுகோலை நட்டு, மூன்று மணிக்கொரு தரம் எழுதுவது இரவு ஷிப்ட் இன்ஜினியரின் வேலை. மேலே அணை உள்ள ஆறுகளில் தண்ணீர் திறக்கும் தகவல் யாரிடமிருந்து எந்த நம்பரில் வரும் என்பதையும் சுவரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

கம்பிக்கூடு மூன்று துண்டாகத்தான் இறங்கும், ஏனெனில் கம்பி 12 மீட்டர் நீளத்தில்தான் வருகிறது. இரண்டு கம்பி ஒன்றையொன்று ஒட்டிச் செல்லும் மேற்பொருத்து, கம்பி விட்டத்தின் 50 மடங்கு என்றால் 25 மி.மீ. கம்பிக்கு 1250 மி.மீ. ஒரு துண்டைக் கேஸிங் மேல் தடி போட்டு நிறுத்தி, அடுத்ததை கிரேனில் பிடித்து, இருபது கம்பியையும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். தரையில் வைத்தே இரண்டு துண்டையும் ஒருமுறை பொருத்திப் பார்த்து சுண்ணாம்பால் அடையாளம் போட்டிருந்தால் முக்கால் மணியில் முடியும். போடாவிட்டால் கம்பிகள் ஒன்றுக்கொன்று எதிரில் வராமல் இரண்டு மணி நேரம் இழுக்கும். அவ்வளவு நேரமும் துளையின் அடியில் மணல் படிந்துகொண்டே இருக்கும். கம்பிக்கு வெளியே கான்கிரீட் கனம், அதாவது கவர், 75 மி.மீ. கிடைக்க வட்டமான கவர் பிளாக்குகளைச் சுற்றுக்கம்பியில் கோர்ப்பார்கள். அவை உருண்டு இறங்க வேண்டும். சதுரமாக இருந்தால் சுவரைச் சுரண்டி மண்ணைத் தள்ளும்.

கூடு இறங்கியதும் ட்ரெமி குழாயை இறக்கி, அதன் வழியாகவே புதிய கரைசலை அனுப்பி அடியைக் கழுவுவார்கள். எடை கட்டிய டேப்பை விட்டால் கான்கிரீட் தொடங்குமுன் 30 மீட்டர் காட்ட வேண்டும். 29.6 காட்டினால் 40 செ.மீ. சேறு உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் போட்ட பைல் பாறை மேல் நிற்பதுபோல் கணக்கில் இருக்கும், உண்மையில் பஞ்சு மேல் நிற்கும். மேலாளர் அவசரப்படுத்தும் நேரம் இதுதான், இளைய இன்ஜினியர் அசையக் கூடாத நேரமும் இதுதான்.

கான்கிரீட்டின் முதல் நிமிடங்கள் முக்கியம். குழாயின் வாய் அடியிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில், 29.7 மீட்டரில் நிற்கிறது. முதல் வீச்சிலேயே குழாயின் வாய் ஒரு மீட்டராவது கான்கிரீட்டுக்குள் புதைய வேண்டும். துளைக்குள் அதற்கு மட்டும் சுமார் 1.5 கன மீட்டர், குழாய்க்குள் கரைசலின் எடையைத் தாங்கி நிற்க இன்னும் அரை கன மீட்டர். குழாயின் தலையில் உள்ள புனலான ஹாப்பரின் கொள்ளளவு ஒரு கன மீட்டர்தான் என்றால், அதன் அடைப்புத் தட்டைத் தூக்கும் அதே நொடியில் லாரியின் சரிவுத் தகட்டிலிருந்து தடையில்லாமல் விழுந்துகொண்டிருக்க வேண்டும். கான்கிரீட்டின் இளக்கத்தைக் காட்டும் ஸ்லம்ப் 150 முதல் 180 மி.மீ. வேண்டும், 120 வந்தால் திருப்பி அனுப்பத் தயங்கக் கூடாது. குழாயில் அடைத்தால் பைலே போகும்.

அதன்பின் ஒவ்வொரு லாரிக்கும் டேப் விட வேண்டும். 6 கன மீட்டர் கணக்குப்படி 5.3 மீட்டர் ஏற்ற வேண்டும். 5.1 ஏறினால் இயல்பு. 4 மீட்டர்தான் ஏறியது என்றால் துளை எங்கோ குடைந்திருக்கிறது, ஏழாவது லாரிக்கு இப்போதே சொல்லிவிட வேண்டும். 6 மீட்டர் ஏறினால்தான் வயிற்றைக் கலக்க வேண்டும்: கான்கிரீட் இருக்க வேண்டிய இடத்தில் மண் விழுந்து பைலின் கழுத்து ஒடுங்கியிருக்கலாம். இதை அந்த இடத்திலேயே கிராஃப் தாளில் புள்ளி வைத்துப் பார்க்கிறவருக்குத் தெரியும். இரவு அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரே கையெழுத்தில் நிரப்புகிறவருக்குத் தெரியாது.

குழாய் கழற்றுவதில் நடக்கும் தவறு எளிமையானது, விளைவு பெரிது. இரண்டு லாரி முடிந்ததும் கான்கிரீட் மட்டம் மேலிருந்து 19.8 மீட்டரில். குழாயின் வாய் 29.7-ல், அதாவது பத்து மீட்டர் புதைந்திருக்கிறது. விட்டால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். 3 மீட்டர் துண்டு இரண்டைக் கழற்றினால் வாய் 23.7, புதைவு 3.9 மீட்டர், சரி. மூன்றைக் கழற்றினால் 20.7, புதைவு 0.9, இரண்டு மீட்டருக்குக் குறையக்கூடாது என்ற விதி உடைகிறது. எண்ணிக்கை தவறி நான்கைக் கழற்றினால் வாய் கான்கிரீட்டை விட்டே வெளியே வந்து கரைசலுக்குள் தொங்கும். அடுத்த லாரி அந்தக் கரைசலோடு கலந்து விழும். பைலின் நடுவில் ஒரு சேற்றுப் படலம் உருவாகும். பின்னால் சுத்தியலால் தட்டி அதிர்வலை பார்க்கும் சோதனையில் அது பிடிபட்டால், மாற்றுப் பைல் போட்டு, பைல்களின் தலைகளை இணைக்கும் பைல் தொப்பியை மறுபடி வடிவமைக்க வேண்டும். இதைத் தடுக்க ஒரு சாக்பீஸ் போதும்: எல்லாத் துண்டுக்கும் எண் எழுதி, கழற்றியதை வரிசையாகப் படுக்கப்போட்டு, பலகையில் மிச்ச நீளத்தை எழுதிக்கொண்டே வருவது.

இதற்கிடையில் கேட்கும் ஆபத்தான இரண்டு வார்த்தை "தோடா பானி", கொஞ்சம் தண்ணீர். லாரி வெயிலில் நின்று கான்கிரீட் இறுகினால், டிரைவர் தன் டாங்கியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கிக்கொள்ளப் பார்ப்பார். கெட்ட எண்ணம் இல்லை, டிரம்மில் உறைந்தால் கொத்தி எடுக்கப்போவது அவர்தான். ஆனால் 6 கன மீட்டரில் 100 லிட்டர் விட்டால் 0.40 என்பது 0.44 ஆகிறது. அட்மிக்ஸரை அளந்து சேர்த்துச் சுற்றவிடுவதுதான் வழி என்பதையும், டாங்கிக் குழாயைத் தொடக்கூடாது என்பதையும் காலைக் கூட்டத்திலேயே அவர் மொழியில் சொல்லிவிட வேண்டும். இந்தி தெரியாமல் வருகிறவர்கள் இலக்கணம் படிக்க வேண்டாம். சரியா என்றால் கம்பி, கிட்டி என்றால் ஜல்லி, மசாலா என்றால் கலவை, டலாய் என்றால் கான்கிரீட் போடுவது. இப்படி ஐம்பது சொல்லும், பெரியவர்களை "ஜி" சேர்த்துக் கூப்பிடும் பழக்கமும் இருந்தால் ஒரு மாதத்தில் வேலை ஓடும். இருபது வருடம் கம்பி கட்டிய ஒருவரை மரியாதையில்லாமல் கூப்பிடும் இன்ஜினியருக்கு, தளத்தில் நடக்கும் தவறுகள் கடைசியாகத்தான் தெரியவரும்.

36 கன மீட்டருக்கு ஐ.எஸ். 456 நான்கு மாதிரி கேட்கிறது, மாதிரிக்கு மூன்று கியூப், ஏழாம் நாளுக்குத் தனியாக. எட்டு கிலோ கனமுள்ள இந்தக் கட்டிகள் 27 டிகிரியில், இரண்டு டிகிரி முன்பின்னாக, தண்ணீரில் ஊற வேண்டும் என்பது விதி. ஜனவரி இரவில் தளத்துத் தொட்டித் தண்ணீர் கையை மரக்கச் செய்யும். அதில் கிடந்த கியூப் ஏழாம் நாளில் குறைவாக உடையும், உடனே கலவையைக் குறை சொல்வார்கள். தொட்டிக்குள் ஒரு வெப்பமானியும் சின்ன ஹீட்டரும் இருந்தால் தீரும் பிரச்சினை. 28-ஆம் நாள் 150 மி.மீ. கியூப் சதுர மி.மீ.க்கு 35 நியூட்டன் தாங்க வேண்டுமானால் இயந்திரத்தில் 787.5 கிலோநியூட்டன் காட்ட வேண்டும்.

இருட்டியபின் தாள் வேலை: அன்றாட முன்னேற்ற அறிக்கை, கான்கிரீட் போட்ட விவரம் எழுதும் போர் கார்டு, கியூப் பதிவேடு, கம்பிக் கணக்கு. விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும், 25 மி.மீ. கம்பிக்கு 3.86. வந்தது, கட்டியது, துண்டாகக் கிடப்பது மூன்றும் மாதக் கடைசியில் ஒத்துப்போக வேண்டும். அன்றைக்கே எழுதாத அளவு பில்லில் ஏறாது, பில் ஏறாவிட்டால் துணை ஒப்பந்ததாரருக்குப் பணம் போகாது, அவர் ஆட்களுக்குக் கூலி போகாது. சின்ன நோட்டுப் புத்தகத்தின் ஒரு வரி இத்தனை பேர் வீட்டு அடுப்பில் போய் முடிகிறது. சிக்னல் மேட்டில் மட்டும்தான் கிடைக்கும் என்பதால், அறிக்கையை அனுப்பவும் அம்மாவிடம் பேசவும் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பார்கள்.

மெஸ்ஸில் எல்லாமே கடுகெண்ணெயில் வெந்திருக்கும். முதல் மாதம் பலருக்கு அந்த வாசமே சாப்பிடவிடாது, பிறகு பழகிவிடும். கொசுவலை பழக்கத்துக்கு விடக்கூடியது அல்ல. குளிரோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. கேம்ப் எங்கே அமைகிறது என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். 2022 ஜூன் 30 அதிகாலை மணிப்பூரின் நோனி மாவட்டத்தில், ஜிரிபாம் - இம்பால் ரயில் பாதைக்கான துபுல் தளத்தில் மலை சரிந்து, பிராந்திய ராணுவ வீரர்களும் ரயில்வே வேலையாட்களுமாக ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தூங்கும் அறைக்கு மேலே வெட்டிய சரிவு இருக்கிறதா, கீழே ஓடை இருக்கிறதா, இரவில் ஓட வழி எது என்று கேட்பதற்குப் புதிதாக வந்தவருக்கும் முழு உரிமை உண்டு. தொழிலாளிகளின் கொட்டகைக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். பள்ளத்தில், ஆற்றுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

பைல் போட்டதும் தலை சேறும் சிமென்ட் பாலும் கலந்து பலவீனமாக நிற்கும் என்பதால், தேவையான மட்டத்துக்கு மேல் 600 முதல் 900 மி.மீ. வரை கூடுதலாக ஏற்றி வைக்கிறார்கள். சில வாரம் கழித்து மண்ணைத் தோண்டி அந்தத் தலையை உடைப்பார்கள். இன்ஜினியர் குழிக்குள் இறங்கி உளியால் தட்டிப் பார்க்க வேண்டும். ஜல்லி நெருக்கமாகத் தெரிந்து, தட்டினால் கணீரென்று ஒலித்தால் அங்கே நிறுத்தலாம். சாம்பல் நிறமாகப் பொத்தென்று கேட்டால் இன்னும் ஒரு சாண் கீழே போக வேண்டும். எத்தனை செ.மீ. கீழே போயிற்று என்பதை அந்தப் பைலின் தாளில், ட்ரெமி கணக்குக்குக் கீழேயே எழுதி வைக்க வேண்டும்.